காரணக் கொப்பி

ஹென்றி சேர் சிவப்புப் பேனையின் மூடியைக் கழற்றினால், யாருக்கோ இன்றைக்கு நல்ல பூசை என்று கந்தோரில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். எல்லோருக்கும் என்றாலும் இப்போது மிச்சம் இருப்பது இரண்டே பேர். ஒருத்தி ஷிரோமி, தன் கதிரையில் இருந்தாள். மற்றவன் நஸீப், சேரின் மேசைக்கு முன்னால் நின்றான். அறைக் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. யாரையாவது ஏசும்போது கதவை மூடுகிற பழக்கம் சேருக்கு இல்லை.

"நஸீப், இது என்ன எழுத்து? 'பிகோஸ்' ஒரே பக்கத்துல மூணு எடத்துல வருது. மூணும் மூணு விதம்."

"ஒண்டாவது சரியா ஈக்கும் சேர்."

"ஒண்ணும் சரியில்ல."

ஷிரோமி சிரிப்பை அடக்கத் திரையைப் பார்த்தாள். சந்தை மூடி அரை மணி நேரமாகியிருந்தது. திரையில் அன்றைய கடைசி விலைகள் அசையாமல் நின்றன.

கொழும்பில் உள்ள ஒரு பங்குத் தரகர் கம்பனியின் கண்டிக் கிளை அது. நகரத்தின் நடுவே, ஒரு சப்பாத்துக் கடைக்கு மேல்மாடி. ஒரு காலத்தில் ஆறு பேர் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு வாங்குவதும் விற்பதுமாகக் கத்திக்கொண்டிருந்த இடம். இப்போது வாடிக்கையாளர்கள் கைத்தொலைபேசியிலேயே தாங்களே வாங்கித் தாங்களே விற்றுக்கொள்கிறார்கள். ஒரு டீலர் போதும் என்று கொழும்பு சொல்லிவிட்டது. அந்த ஒருவர் கம்பனியின் சொந்தப் பணத்தையும் கண்டியில் இருந்தபடியே சந்தையில் போட்டு எடுப்பார். மற்றவர் என்ன செய்வார் என்று கொழும்பு சொல்லவில்லை. அதன் அர்த்தம் இரண்டு பேருக்கும் விளங்கியிருந்தது.

யார் அந்த ஒருவர் என்று பார்க்க ஆறு மாதம் கொடுத்தார்கள். இரண்டு பேருக்கும் சமமாக ஒரு தொகை. அதோடு ஒரு விதி. ஒரு பங்கை வாங்குவதற்கு முன்னாலும் விற்பதற்கு முன்னாலும், ஏன் என்று ஒரு கொப்பியில் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். மட்டையடித்த சீ.ஆர். கொப்பி இரண்டு வாங்கிக் கொடுத்து, அதற்குக் காரணக் கொப்பி என்று பெயரும் வைத்தது ஹென்றி சேர்தான்.

ஆறு மாதமும் முடிந்துவிட்டது. லாபத்தை வைத்து ஆளைப் பிரிக்க முடியவில்லை. ஒரு கிழமை நஸீப் முன்னால் நின்றான், மறு கிழமை ஷிரோமி. ஆகவே கொப்பிகளை அனுப்பு, கூடவே உன் சிபாரிசையும் எழுது என்று கொழும்பிலிருந்து சேருக்குச் சொல்லியிருந்தார்கள்.

சேரின் சிபாரிசு எந்தப் பக்கம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. எழுத்தில் கவனம் இல்லாதவனுக்கு விலையிலும் கவனம் இருக்காது என்பது அவருடைய வேதம். அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பங்கு என்பது கையில் பிடிக்கிற தாள். உரிமை மாற்றப் பத்திரத்தில் பெயரில் ஓர் எழுத்துப் பிசகினால் தாள் திரும்பி வரும். அது திரும்பி வருவதற்குள் விலை எங்கோ போய்விடும். அப்படி ஒரு வாடிக்கையாளரின் தாளைத் தபாலில் மூன்று தரம் அலையவிட்ட ஆள் ஒருவர் அதோடு வேலையை விட்டுப் போனதைச் சேர் கண்ணால் பார்த்திருக்கிறார். தாள் ஒழிந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. வேதம் ஒழியவில்லை.

ஷிரோமிக்கும் அந்த வேதம் வீட்டிலிருந்தே வந்ததுதான். புசல்லாவையில் அவளுடைய அப்பா கிளைவ் ஒரு தோட்டத்தில் கிளாக்கராக இருந்தவர். தோட்டத்து ஆட்களின் பெயரைப் பிழையாக எழுதிவைத்த கிளாக்கர்மார் அந்தப் பக்கம் நிறையப் பேர். பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், சேமலாப நிதியில் இன்னொரு பெயர். முப்பது வருடம் கொழுந்து பறித்த பெண் தன் பணத்தை எடுக்கப் போனால், நீ அந்த ஆள் இல்லை என்று திருப்பி அனுப்புவார்கள். கிளைவ் எழுதிய பெயர் ஒன்றுகூட அப்படித் திரும்பி வந்ததில்லை. அவர் செத்தபோது தோட்டத்தின் மூன்று டிவிஷன் ஆட்களும் வந்து நின்றார்கள். அவருடைய மகள் எழுத்துப் பிழை விடுவாளா?

"சரி" என்றார் ஹென்றி சேர், சிவப்புப் பேனையை மூடியபடி. "இத இப்படியே கொழும்புக்கு அனுப்பினா எனக்குத்தான் வெக்கம். ஷிரோமிக்கிட்ட குடுங்க. புதுக் கொப்பியில அழகா எழுதித் தரட்டும். திங்கக்கெழம ரெண்டு கொப்பியும் போகணும். கடைசிப் பக்கத்துல ரெண்டு பேரும் கையெழுத்து வைக்கணும், இதுல உள்ள காரணம் எல்லாம் ஓடர் போடுறதுக்கு முன்னால எழுதினதுன்னு."

நஸீப் கொப்பியைத் தூக்கிக்கொண்டு வந்து அவளுடைய மேசையில் வைத்தான். முப்பத்து மூன்று வயது, அக்குறணைக்காரன். வாப்பாவுக்கு அங்கே புடவைக் கடை. கடையில் உட்காரப் பிடிக்காமல் இங்கே வந்து உட்கார்ந்தவன்.

"கேட்டீங்கதானே?"

"கேக்காம இருக்க முடியுமா, கதவு தெறந்துல்ல கெடந்துச்சு."

"ஏலுமெண்டா செஞ்சு தாங்க. ஏலாட்டி சொல்லுங்க, என்ட பொஞ்சாதி பர்ஹானாவ எழுதச் சொல்ற. அவட இங்கிலீஸ் எனக்கும் பார்க்க மோசம்."

"நஸீப், நானும் நீங்களும் ஒரே கதிரைக்குத்தான் நிக்கிறோம். ஞாபகம் இருக்கா?"

"அதனாலதான் ஒங்கள்ட்ட தார. ஒங்களுக்கு வெக்கமா ஈக்கும், பிழையா எழுத மாட்டீங்க."

மறுக்க ஏதாவது காரணம் கிடைக்குமா என்று அவள் தேடினாள். கிடைத்த ஒரே காரணம் கேவலமானதாக இருந்தது. ஆகவே கொப்பியை எடுத்துப் பையில் வைத்தாள். இதில் உள்ளூர ஒரு சின்ன சந்தோசமும் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எதிராளியின் குப்பையை அருகிலிருந்து கிளறிப் பார்க்க யாருக்குத்தான் ஆசை வராது?

சனிக்கிழமை காலை பஸ்ஸில் புசல்லாவைக்குப் போனாள். வார நாட்களில் கண்டிக்குப் பக்கத்தில் கெட்டம்பேயில் ஒரு வாடகை அறை. சனியும் ஞாயிறும் அம்மாவோடு. வீடு பெருந்தெருவுக்கு மேல். நுவரெலியா பஸ் ஒவ்வொன்றும் வளைவில் அடிக்கிற ஹோர்ன் நேராக முன்னறைக்குள் வரும். அம்மா மேபல் மேசையைத் துடைத்துக் கொடுத்தாள்.

"என்னாடி ரெண்டு கொப்பி?"

"ஒண்ணு நஸீப்போடது. பிழை திருத்தி எழுதிக் குடுக்கணும்."

"அந்த வேலைக்கு நிக்கிறவனா?"

"ஆமா."

மேபல் மேசை துடைத்த துணியை உதறி மடித்தாள். பிறகு, "ஒங்கப்பனும் இப்படித்தான். அடுத்த கிளாக்கரோட லெட்டரையெல்லாம் திருத்திக் குடுத்துட்டு, அவன் ஹெட் கிளாக்கர் ஆனப்ப வீட்டுல வந்து படுத்துக் கெடந்தாரு" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குப் போனாள்.

ஷிரோமி எழுதத் தொடங்கினாள். முதல் பத்துப் பக்கம் கை தானாக ஓடியது. பிறகுதான் எழுத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு வசனத்தை வாசிக்க ஆரம்பித்தாள். நஸீப்பின் ஆங்கிலத்தை நேராக்கிப் பார்த்தால் இப்படி இருந்தது:

"காலை 9.50. வாங்குகிறேன். அக்குறணையில் எல்லோரும் வாங்குகிறார்கள். இது ஒரு காரணம் இல்லை. ஆகவே கொஞ்சம் மட்டும்."

"11.15. விற்கிறேன். பயம்."

"1.40. நேற்றே விற்றிருக்க வேண்டும். வீட்டில் சண்டை. திரையைப் பார்க்கவில்லை."

"10.05. ஹென்றி சேர் நல்ல பங்கு என்றார். கம்பனிக் கணக்கறிக்கையை நான் திறக்கவே இல்லை. பேராசை. இருபத்தெட்டு ரூபாய்க்குக் கீழே போனால் வெளியே வருவேன், யார் என்ன சொன்னாலும்."

அந்தக் கடைசிக் குறிப்பின் ஓரத்தில் வேறு மையில் நாலு நாள் கழித்து எழுதியிருந்தான்: "போனது. வந்தேன்." அதிலும் இரண்டு எழுத்துப் பிழை.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு தான் எழுதிவைத்த புதுக் கொப்பியைத் திருப்பிப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. "பயம்" என்று அவன் எழுதிய இடத்தில் அவள் "இடர் குறைப்பு" என்று எழுதியிருந்தாள். "பேராசை" இருந்த இடத்தில் "அளவுக்கு மீறிய முதலீடு". வீட்டுச் சண்டை அடியோடு காணாமல் போயிருந்தது. ஒன்றையும் வேண்டுமென்று மாற்றவில்லை. எழுத்தைத் திருத்தப் போன கை, வழியில் கிடந்த எல்லாவற்றையும் திருத்திக்கொண்டு போயிருக்கிறது, அவ்வளவுதான்.

இது நல்லதற்கில்லை என்று மட்டும் அவளுக்குப் பட்டது. ஏன் என்று இன்னும் தெரியவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. மேபல் பிளேன்டீயும் ஒரு துண்டுத் தாளும் கொண்டு வந்து வைத்தாள். "போற நேரம் கண்டி டவுன்ல இதயெல்லாம் வாங்கி, நம்ம பஸ்காரன்கிட்ட குடுத்து விடு. இங்க எல்லாம் வெல கூட."

தாளில் மேபலின் கையெழுத்தில் பருப்பு, கருவாடு, சவர்க்காரம் இரண்டு. மஞ்சள் தாள். கந்தோரில் ஷிரோமி பாவிக்கிற நீட்டு மஞ்சள் பேட்டிலிருந்து கிழித்தது. ஓடர் போடுகிற அவசரத்தில் அவள் அதில்தான் பென்சிலால் கிறுக்குவாள். பின்னேரம் அறைக்குப் போய், சாப்பிட்டுவிட்டு, காரணக் கொப்பியில் நிதானமாக, அழகாகப் பிரதி எடுப்பாள். கிறுக்கின தாளை வீசுவதில்லை. பின்பக்கம் வெறுமையாக இருப்பதால் அம்மாவுக்கு ஆகும் என்று கொண்டு வந்து கொடுத்துவிடுவாள்.

தாளைத் திருப்பினாள். பென்சிலில் இருந்தது: "ஹோட்டல் பங்கு. நஸீப் வாங்குறான். ஏன்னு தெரியல. நானும்."

அந்தப் பங்கு ஞாபகம் இருந்தது. இரண்டு பேருமே அதில் நட்டப்பட்டார்கள். நஸீப்பின் கொப்பியில் அந்தத் திகதியைத் தேடினாள். "ஜவாஹிர் ஹாஜியார் போனில் சொன்னார். நான் ஒன்றும் பார்க்கவில்லை. முட்டாள்தனம், ஆனால் வாங்குகிறேன்" என்று இருந்தது. ஜவாஹிர் ஹாஜியார் அக்குறணையில் இரும்புக் கடை வைத்திருக்கும் வாடிக்கையாளர். தினமும் காலையில் நஸீப்பைக் கூப்பிட்டு ஏதாவது ஒரு பங்கின் பெயரைச் சொல்லாமல் அவருக்குத் தேத்தண்ணி இறங்காது.

பிறகு தன் கொப்பியை எடுத்தாள். அதே திகதி. அரைப் பக்கம். சுற்றுலாப் பயணிகளின் வருகை, ஹோட்டல் அறைகளின் நிரம்பல் வீதம், வரப்போகும் பருவகாலம். ஒரு பிழை இல்லை. ஓர் எழுத்துக்கூட வரிக்கு வெளியே போகவில்லை. மிக நல்ல காரணம். இந்த நிமிடம் வரை, அந்தப் பங்கைத் தான் வாங்கியது இதற்காகத்தான் என்றே அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இந்த மஞ்சத் தாளு இன்னும் இருக்கா?"

"ரேடியோவுக்குக் கீழ ஒரு கட்டு கெடக்கு. ஏன், திரும்ப வேணுமா? கந்தோர்ல கேக்குறாங்களா?"

"இல்ல. நான்தான் கேக்குறேன்."

கையில் இருந்ததையும் சேர்த்து இருபத்து மூன்று தாள் மிஞ்சியிருந்தது. ஒரு பக்கம் மேபலின் சாமான் பட்டியல், மறு பக்கம் ஷிரோமியின் பென்சில். அவற்றைத் திகதிப்படி மேசையில் அடுக்கி, ஒவ்வொன்றாகக் கொப்பியோடு ஒத்துப் பார்த்தாள். நாலு தாளில் மட்டும் காரணம் ஒன்றாக இருந்தது. மற்றப் பத்தொன்பதிலும் பென்சில் ஒன்று சொன்னது, மை வேறொன்று சொன்னது. அவள் பொய் எழுதவில்லை. பொய் எழுதியிருந்தால் பொய் என்று தெரிந்திருக்கும். பின்னேரம் பேனையைப் பிடிக்கிற நேரத்தில் அன்றைய விலை எங்கே போய் நின்றது என்பது தெரிந்துவிடுகிறது. தெரிந்த பிறகு வசனம் அதற்குத் தக்கபடி தன்னை ஒழுங்கு பண்ணிக்கொள்கிறது. வசனம் ஒழுங்கானால் மனம் அதை நம்பிவிடுகிறது.

நூற்றுப் பதினெட்டுப் பக்கக் கொப்பியில் "நான் பிழை விட்டேன்" என்று ஓர் இடத்திலும் இல்லை. ஆறு மாதம் அவள் ஒன்றையும் கற்றுக்கொள்ளவில்லை. லாபம் வந்த நாட்களும் எப்படி வந்தன என்று அவளுக்கு உண்மையில் தெரியாது.

உடனே ஞானம் பிறந்து நல்லவளாகிவிட்டாள் என்று நினைக்க வேண்டாம். முதலில் வந்த எண்ணம், அந்தத் தாள்களை அடுப்பில் போட்டுவிடலாம் என்பதுதான். இரண்டாவதாக வந்தது அதைவிடக் கெட்டிக்கார எண்ணம். நஸீப்பின் கொப்பியையும் முழுக்க அழகாக எழுதிக் கொடுத்துவிட்டால் இரண்டும் ஒரே மாதிரி ஆகிவிடும். ஒரே மாதிரி இரண்டு கொப்பி இருந்தால் ஹென்றி சேர் யாரைச் சிபாரிசு செய்வார் என்பது தெரிந்ததே. யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது. அவன் கேட்டதைத்தானே செய்தாள்?

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் வந்த பிறகும் அந்த எண்ணம் போகவில்லை. மத்தியானம் வரை எழுதினாள். இருபத்தேழாம் பக்கத்தில் நஸீப் எழுதியிருந்தான்: "இன்று ஷிரோமி ஒன்றும் வாங்காமல் சும்மா இருக்கிறாள். அவள் சும்மா இருக்கிற நாட்களில் நானும் சும்மா இருந்தால் நல்லது என்று மூன்று தரம் கண்டேன். ஆகவே இன்று ஒன்றும் இல்லை."

அவள் பேனையை வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை எட்டரைக்கே கந்தோரில் இருந்தாள். நஸீப் வந்ததும் அவனுடைய பழைய கொப்பியைக் கையில் கொடுத்தாள்.

"புதுக் கொப்பி எங்க?"

"எழுதல. பாதி எழுதினேன், கிழிச்சுட்டேன். இதையே அனுப்புங்க."

அவன் நின்ற நிலையிலேயே நின்றான். முகம் மெல்ல மாறியது. "ஷிரோமி, ஏலாதெண்டா வெள்ளிக்கெழமையே சொல்லி ஈக்கலாமே. இப்ப எட்டரைக்குச் சொன்னா நான் என்னத்த செய்ற?"

"செய்யாம விட்டது ஒங்களுக்கு நல்லது."

"எனக்கு நல்லதா? சேர் இதப் பாத்தா என்ட கொப்பிய குப்பைல போடுவாரு. ஒங்கட மட்டும் போகும். நல்லா விளயாடுறீங்க."

"நான் விளையாடல."

"நான் ஒங்கள மிச்சம் நம்பின. பர்ஹானா சொன்ன, வாணாம், அவக்கிட்ட குடுக்க வாணாமெண்டு. நான்தான் ஏசின, அவ அப்படி ஆளில்ல எண்டு."

அவனிடம் சொல்ல அவளுக்கு நிறைய இருந்தது. எதைச் சொன்னாலும் இந்த நேரத்தில் தந்திரம் போலத்தான் கேட்கும். ஆகவே வேறொன்றைக் கேட்டாள். "ஒவ்வொரு பங்குக்கும் எந்த வெலைக்கு வெளிய வர்றதுன்னு முன்னாலயே எழுதுறீங்களே, அது யாரு சொல்லிக் குடுத்தது?"

"எவனும் இல்ல. கடைல வாப்பா செய்ற. புது சாரி வந்தா அடுக்குறதுக்கு முந்தி டிக்கட்டுக்குப் பின்னால ஆகக் கொறஞ்ச வெலய எழுதி வைப்பாரு. பேரம் பேச ஆள் வந்து நிண்டா மண்ட சூடாகும், அப்ப யோசிக்கப் படாது, முந்தியே யோசிச்சு ஈக்கணும் எண்டு." சொல்லிவிட்டு எரிச்சலோடு பார்த்தான். "இப்ப எதுக்கு அது? சேருக்கு நான் என்ன சொல்ற?"

"நான் சொல்றேன். வாங்க."

ஹென்றி சேர் அப்போதுதான் வந்து மேற்சட்டையைக் கதிரையில் மாட்டிக்கொண்டிருந்தார். ஷிரோமி நஸீப்பின் பழைய கொப்பியையும், தன் கொப்பியையும், மஞ்சள் தாள் கட்டையும் மேசையில் வைத்தாள். சேர் தாளை எடுத்து மூக்குக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டார்.

"பருப்பு ஒரு கிலோ. கருவாடு. சவர்க்காரம் ரெண்டு." நிமிர்ந்தார். "இது என்ன, ஷிரோமி?"

"மத்தப் பக்கம், சேர்."

திருப்பினார். வாசித்தார். அடுத்த தாள். அதற்கடுத்தது. பிறகு அவளுடைய கொப்பியை எடுத்துத் திகதியைத் தேடினார். நஸீப்புக்கு இன்னும் ஒன்றும் விளங்கவில்லை. சேரின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தான். "நஸீப் வாங்குறான்" என்ற வரியை வாசித்ததும் அவளைப் பார்த்தான். பிறகு சுவரைப் பார்த்தான்.

"கடைசிப் பக்கத்துல கையெழுத்து வைக்கச் சொன்னீங்க, சேர். என்னோட கொப்பியில வைக்க முடியல. முன்னால எழுதினது இந்தத் தாளுதான். கொப்பி எல்லாம் பின்னால எழுதினது. நஸீப்போட கொப்பி முழுக்க முன்னால எழுதினது. அதைத் திருத்தி எழுதினா அதுவும் என்னோட கொப்பி மாதிரி ஆயிரும்."

சேர் இன்னும் இரண்டு தாளைக் கொப்பியோடு ஒத்துப் பார்த்தார். கீழே சப்பாத்துக் கடைக்காரன் இரும்புக் கதவை மேலே தள்ளுகிற சத்தம் கேட்டது.

"ஷிரோமி, ஒங்க கொப்பிய நான் ஆறு மாசமா ஒவ்வொரு வெள்ளியும் பாத்தேன்" என்றார் கடைசியில். "பாத்தேன்னுதான் சொல்லணும். வாசிக்கல. எழுத்து சுத்தமா இருந்துச்சு, பக்கத்த திருப்பிட்டேன். இவர்ட கொப்பியயும் வாசிக்கல. பிழை எங்கன்னு தேடினேன், அவ்வளவுதான்." சிவப்புப் பேனையை எடுத்தார், அது எதற்கு என்று தெரியாதவர்போலப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். "இதக் கொண்டுவந்து காட்டணும்னு யாரும் கேக்கலயே. அடுப்புல போட்டிருக்கலாம்."

"யோசிச்சேன் சேர்."

"அதையும் சொல்றீங்க."

"இப்ப சொல்லாம விட்டா நாளைக்கு நானே மறந்துருவேன்."

நஸீப் தொண்டையைச் செருமினான். "சேர், ஒண்டு சொல்ல ஈக்கி. என்டதுல காரணம் உண்மதான். ஆனா பாதிக் காரணம் மடத்தனம். எழுதின நேரமே எனக்குத் தெரிஞ்ச மடத்தனமெண்டு. தெரிஞ்சும் வாங்கின. யாராச்சும் பக்கத்துல நிண்டு வாசிச்சு ஈந்தா வாங்கி ஈக்க மாட்ட."

"அதத்தான் நானும் கேக்க வந்தேன்" என்றாள் ஷிரோமி. "ஒருத்தர் எழுதணும். ஓடர் போக முந்தி இன்னொருத்தர் வாசிக்கணும். தனியா இருந்தா இவரு தெரிஞ்சே பிழை விடுவாரு, நான் தெரியாமலே பிழை விடுவேன்."

"கொழும்புக்காரன் ஒரு ஆளுக்குத்தான் சம்பளம் தாறான், பிள்ள."

"தெரியும் சேர்."

அன்று இரண்டு கொப்பியும், மஞ்சள் தாள்களும், இரண்டு பேரும் வேண்டும் என்று சேர் கையால் எழுதிய மூன்று பக்கக் கடிதமும் கொழும்புக்குப் போயின. மேபலுக்குச் சாமான் வாங்க ஷிரோமி பட்டியலை ஞாபகத்திலிருந்து எழுதிக்கொண்டாள்.

பதில் பத்து நாளில் வந்தது. டீலர் நஸீப். காரணம் ஒரே வரி: கடைசிக் கிழமை முடிவில் அவனுடைய லாபம் அரைச் சதவீதம் கூட. கொப்பிகளைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவற்றைக் கொழும்பில் யாரும் திறந்திருக்கமாட்டார்கள் என்பது ஷிரோமியின் எண்ணம். பொதி கட்டியிருந்த முடிச்சு அவிழாமல் அப்படியே திரும்பி வந்திருந்தது.

அவள் அழவில்லை. மேசை லாச்சியைத் துப்புரவு செய்தாள். ஓர் அலுமாரிச் சாவி, இரண்டு பென்சில், தலைவலித் தைலம். அதற்குமேல் ஆறு வருடத்தில் ஒன்றும் சேர்ந்திருக்கவில்லை. அப்போது சேரின் குரல் கேட்டது. வழக்கம்போலக் கதவு திறந்துதான் இருந்தது. தொலைபேசியில் கொழும்போடு பேசிக்கொண்டிருந்தார். சத்தம் போடவில்லை.

"சரி, ஒரு ஆள் போதும்னா போதும். ஆனா கம்பனிப் பணத்த ஒருத்தர் தனியா போட்டு எடுக்கப் போறாரு. நாளைக்குப் பெரிசா ஒண்ணு நடந்தா, ஓடர யாரு பாத்தது, யாரு பொறுப்புன்னு எனக்கு எழுத்துல தாங்க. ஒங்க கையெழுத்தோட தாங்க. நான் ஃபைல்ல போட்டு வைக்கிறேன்."

கொழும்புக்குப் பல விசயங்கள் பிடிக்கும். எழுத்தில் கொடுப்பது பிடிக்காது. மறுநாள் மின்னஞ்சல் வந்தது. ஷிரோமிக்கு மூன்று மாதம் தற்காலிக வேலை. வாங்க, விற்க அதிகாரம் இல்லை. ஒவ்வொரு ஓடருக்கும் முன்னால் காரணத்தை வாசித்துக் கையெழுத்து வைக்க வேண்டும். சம்பளம் முன்னையதைவிடக் குறைவு. மூன்று மாதத்துக்குப் பிறகு என்ன என்று கேட்டதற்கு, பார்ப்போம் என்றார்கள். அவளுக்கு அந்த வேலை பிடித்ததா என்றால், இல்லை. சந்தை திறக்கிற நேரம் கை தானாக விசைப்பலகையைத் தேடும். ஆனாலும் ஒப்புக்கொண்டாள்.

முதல் மூன்று கிழமை சிக்கல் இல்லாமல் போனது. நஸீப் எழுதுவான், அவள் வாசிப்பாள், சில நேரம் தலையாட்டுவாள், சில நேரம் அவள் வாசிப்பதைக் கேட்டுவிட்டு அவனே, "வாணாம், விடுங்க" என்று கிழிக்காமல் பக்கத்தைத் திருப்புவான்.

நாலாம் கிழமை, ஒரு புதன்கிழமை காலை பத்தே கால். ஒரு பங்கு ஏறிக்கொண்டிருந்தது. நஸீப் கொப்பியை நீட்டினான். பாதிப் பக்கம் எழுதியிருந்தான். அவள் ஒரு தரம் வாசித்தாள். இரண்டாம் தரமும் வாசித்தாள். ஒரு பிழைகூட இல்லை.

"கெதியா, ஷிரோமி. ஏறுது."

"இத யாரு எழுதினது?"

"நான்தான், வேற யாரு? போன்ல போட்டு திருத்தின. இப்ப எல்லாம் கொழும்புக்கும் ஸ்கேன் பண்ணி அனுப்புறதானே. வெக்கம்." அவன் குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. "வடிவா ஈக்கா?"

"நல்லா இருக்கு. மொதல்ல என்னா எழுதினீங்க?"

"அதேதான்."

"நஸீப்."

திரையில் விலை முப்பது சதம் ஏறியது. அவன் திரையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். கதிரையில் சாய்ந்தான்.

"ஹாஜியார் சொன்ன எண்டு எழுதின" என்றான். "காலைல போன் பண்ணின."

"அத எழுதுங்க."

"எழுதினா நீங்க கையெழுத்து வைக்க மாட்டீங்க."

"எழுதுங்க, வாசிச்சுட்டுச் சொல்றேன்."

"ஷிரோமி, விலை போகுது, பாருங்க. இன்னம் ரெண்டு நிமிசத்தில நம்மட கைக்கு வராது. பெரிய காசு, சின்னக் காசில்ல."

"பெரிய காசுதான். அதனாலதான் சொல்றேன்."

சேரின் அறையிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. அவர் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அந்தப் பங்கு மத்தியானம் வரை ஏறலாம். இன்னும் ஒரு மணி நேரத்தில் விழலாம். ஷிரோமிக்குத் தெரியாது. இதைத் தவறவிட்டால் மூன்று மாதம் முடிகிற அன்று இந்தப் புதன்கிழமையை எடுத்துக் காட்டி, உன்னால்தான் போனது என்று கொழும்பு சொல்லும். அதுவும் நடக்கக்கூடியதுதான். அவள் கொப்பியின் புதிய பக்கத்தைத் திறந்து அவன் முன்னால் வைத்தாள்.

நஸீப் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு பேனையை எடுத்தான். நேரத்தை எழுதினான். விலை இன்னும் இருபது சதம் ஏறியது. அவன் எழுதிக்கொண்டிருந்தான், அவசர அவசரமாக, எழுத்து வரிக்கு வெளியே போக. அவள் குனிந்து, அவன் எழுத எழுத வாசித்துக்கொண்டிருந்தாள்.